வெளிறிய படகு பழுதான படகல்ல

உழவர் குடும்பங்கள் வாசிக்கும் ஏட்டில் படகின் மேற்பூச்சுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் காணி இன்னும் கைக்கு வந்து சேராத குடும்பங்களும், காணி கிடைத்தும் குளமும் வாய்க்காலும் திருத்தப்படாமல் காத்திருக்கும் குடும்பங்களும், களப்பையும் கரைக்கடலையும் நம்பத் தொடங்கி வெகு காலமாகிவிட்டது. கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் ஓரங்களிலும் பூநகரி, மன்னார்ப் பக்கங்களிலும் காலபோகத்தில் வயலும், மற்றைய மாதங்களில் இறாலும் மீனுமாகச் சீவியம் நடத்துகிற வீடுகள் பல. அந்த வீடுகளில் மண்வெட்டிக்கும் மருந்து தெளிகருவிக்கும் அடுத்தபடியாக உள்ள பெரிய முதல் படகுதான்.

அந்தப் படகு பெரும்பாலும் புதியதாக இருப்பதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரோ, 2009க்குப் பிந்திய மீள்குடியேற்றத்தின்போதோ யாரோ ஒருவருக்கு வழங்கப்பட்டு, பிறகு இரண்டு மூன்று கை மாறி வந்த பதினெட்டு அடிப் பைபர் கிளாஸ் படகாக அது இருக்கும். நீலம் சாம்பலாகவும் சிவப்பு வெளிர் ரோசாவாகவும் மாறியிருக்கும். தொட்டால் கையில் மாவு ஒட்டும். வாங்க வருகிற வியாபாரி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்த படகு" என்பார். விற்கிறவரும் அதை நம்பி அரை விலைக்குக் கொடுத்துவிடுவார். விற்க மனமில்லாதவர் கடன்பட்டுப் பெயின்ற் வாங்கிப் பூசுவார். இரண்டும் தேவையற்ற நட்டம் என்பதே எமது கருத்து. வெளிறுதல் தோலில் உள்ள குறை. எலும்பு பெரும்பாலும் திடமாகவே இருக்கும். தோலைத் திருத்துவதற்கு வேண்டியது கொஞ்சப் பணமும் நிறையப் பொறுமையுமே.

பைபர் கிளாஸ் படகு கட்டப்படும் விதத்தை விளங்கிக்கொண்டால் மற்றவையெல்லாம் தாமாக விளங்கும். 1960களின் இறுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சீநோர், காரைநகரில் இந்தப் படகுகளைக் கட்டியதை மூத்தவர்கள் அறிவார்கள். மரப்படகைப் போல உள்ளே சட்டம் வைத்து வெளியே பலகை அறைவதில்லை. ஓர் அச்சு இருக்கும். அச்சின் உட்புறத்தில் முதலில் பூசப்படுவது நிறம் கலந்த தடித்த றெசின். அதுதான் ஜெல்கோட். அது சற்று இறுகிய பின்னரே கண்ணாடி நார்ப் பாய்களை ஒவ்வொன்றாக விரித்து, றெசின் ஊற்றி, உருளையால் அழுத்தி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றிக் கனம் ஏற்றுகிறார்கள். இறுகியதும் அச்சிலிருந்து கழற்றினால், முதலில் பூசியது வெளிப்புறமாக மினுங்கிக்கொண்டு வரும். ஆகவே நாம் பார்க்கிற நிறம், கட்டி முடித்த பிறகு பூசிய பெயின்ற் அல்ல. அது படகின் உடம்போடு உடம்பாக இறுகிய பாகம். அதன் தடிப்போ ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். ஆழிப்பேரலைக்குப் பிந்திய அவசரத்தில் கட்டப்பட்ட படகுகள் பலவற்றின் தரம் போதாது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அக்காலத்திலேயே எச்சரித்தது. அத்தகைய படகுகளில் இந்தத் தோல் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருக்கலாம்.

உழவருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது சுலபம். ஜெல்கோட் என்பது வயலின் மேல்மண். மெல்லியது, பயன் தருவது, ஒருமுறை அள்ளிக் கொட்டிவிட்டால் திரும்ப உண்டாக்குவது கடினம்.

இந்தத் தோல் ஏன் வெளிறுகிறது? உப்புத் தண்ணீரே காரணம் என்று பலரும் எண்ணுவதுண்டு. முதற்காரணம் வெயில்தான். சூரிய ஒளியில் உள்ள ஊதா கடந்த கதிர்கள் றெசினின் பிணைப்பை மேற்பரப்பில் மெல்ல மெல்ல அறுக்கின்றன. பிணைப்பு அறுந்ததும் நிறத் துகள்கள் பிடி இழந்து மாவாக உதிர்கின்றன. மேற்பரப்பு நுண்ணிய துவாரங்கள் நிறைந்ததாகிறது. அந்தத் துவாரங்களில் உப்பும் அழுக்கும் ஈரமும் குடிபுகுகின்றன. கடும் நீலமும் சிவப்பும் இதை விரைவில் காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் படகிலும் இதே தேய்வு நடக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

தொழிலுக்குப் போகிற படகைவிடக் கரையில் கிடக்கிற படகே மோசமாக வெளிறுகிறது என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும். யுத்த காலத்தில் மீன்பிடித் தடைகளால் படகுகள் ஆண்டுக்கணக்காக மணலில் கிடந்தன. பின்னர் 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் மாதக்கணக்காகக் கிடந்தன. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏற்றப்பட்டபோது, எண்ணெய் வந்தும் படகை இறக்க முடியாமற் போனவர்கள் எத்தனை பேர்! நிழலில்லாத கரையில் கவிழ்த்து வைத்த படகு காலை முதல் மாலை வரை வெயிலைத் தின்றது. இன்று நாம் காணும் வெளிறிய படகுகளில் ஒரு பகுதி அந்த நாட்களின் விளைவுதான். டொலரின் பெறுமதி அதே ஆண்டில் சில மாதங்களுக்குள் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதால், வெளிநாட்டிலிருந்து வரும் றெசினும் பெயின்றும் எட்டாத விலைக்குப் போயின. அதனாற்கூட, இருக்கிற தோலைக் காப்பாற்றுவதே புத்தி.

படகைத் திருத்தலாமா இல்லையா என்று அறிவதற்கு நிபுணர் வேண்டியதில்லை. வெளிறிய இடத்தைக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். ஈரத்தில் பழைய நிறம் எழுந்து வந்து, காய்ந்ததும் மறுபடி வெளிறினால், தோல் உயிரோடு இருக்கிறது. மேலே உள்ள செத்த படையை நீக்கினால் நிறம் வரும். வெள்ளைப் படகாயின் கறுப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவு படியும். இதற்கு மாறாக, நாரின் பின்னல் கோலம் கண்ணுக்குத் தெரிந்தாலோ, விரலில் நார் குத்தினாலோ, அந்த இடத்தில் தோல் போய்விட்டது. அங்கே மினுக்குவதால் பயனில்லை. அவ்விடத்துக்கு மாத்திரம் புதிய ஜெல்கோட்டோ, முறைப்படி பூசிய பெயின்றோதான் வழி.

இனிப் பெயின்ற் விடயத்துக்கு வருவோம். எமது கிராமங்களில் வெளிறிய படகுக்குச் செய்யும் முதல் வைத்தியம் எனாமல் பெயின்ற்தான். உதவி வழங்கும் நிறுவனங்களும் இதையே விரும்புகின்றன. கையளிப்பு வைபவத்தன்று படகு பளிச்சென்று இருக்க வேண்டும், புகைப்படம் நன்றாக விழ வேண்டும். மாவாக உதிரும் மேற்பரப்பில் பூசிய பெயின்ற் படகைப் பிடிப்பதில்லை, அந்த மாவைத்தான் பிடிக்கிறது. ஒரு மாரி கழியுமுன் பட்டை பட்டையாக உரியும். உரிந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பூசுவார்கள். சுரண்டும்போது ஜெல்கோட்டும் சேர்ந்து போகும். ஒருமுறை பெயின்ற் பூசிய படகு அதற்குப் பிறகு எக்காலமும் பெயின்ற் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுச் செலவில் இன்னொரு வாய் கூடியதற்கு ஒப்பானது அது. தோல் முற்றாகப் போன படகுக்குப் பெயின்ற் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அப்போதும் நன்றாகக் கழுவி, அரத்தாள் போட்டு, பொருத்தமான அடிப்பூச்சு வைத்த பிறகே பூச வேண்டும். நாம் எதிர்ப்பது, உயிரோடு இருக்கிற தோலை மூடிப் புதைப்பதையே. அதுவும் நுண்கடன் எடுத்துப் புதைப்பதை. வாரக் கடன் வன்னிப் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை யாவரும் அறிவோம். 2018இல் அரசாங்கமே வரட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. நிறத்துக்காகக் கடன்படுவது தகாது.

வேலையை எப்படிச் செய்வது? முதலில் படகை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். சூடேறிய பரப்பில் மினுக்கும் பசை உடனே காய்ந்து இறுகிவிடும். நல்ல தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான தூரிகையும் கொண்டு உப்பையும் மண்ணையும் முற்றாகக் கழுவ வேண்டும். தும்புத்தடி வேண்டாம். ஒரு மணற் துகள் துணிக்குள் அகப்பட்டாலும் அது படகு முழுவதும் கீறிக்கொண்டு போகும். ஒட்டிய சிப்பியை இரும்பால் சுரண்டாமல் மரச் சீவலால் தட்டி எடுங்கள். ஆணிகளைச் சுற்றிய துருக்கறைக்குத் தேசிக்காய்ச் சாறு ஓரளவு உதவும். போகாவிட்டால் ஒக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் கழுவலாம். ஆனால் அது நஞ்சு. கையுறை வேண்டும். பிள்ளைகள் எடுக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. மீதியைக் கிணற்றடியில் ஊற்றவும் கூடாது.

காய்ந்த பின் மினுக்கும் வேலை. வாகனத் திருத்தகங்களில் பாவிக்கும் றபிங் கொம்பவுண்டில் மென்மையானதையே முதலில் வாங்குங்கள். கடுமையானதை எடுத்தால் வேலை விரைவாக முடியும் என்ற ஆசை வரும். தோலும் விரைவாக முடியும். பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்த துணி இதற்கு மிக நல்லது. நைலோன் கலந்த சீலை கீறும். இரண்டு அடிக்கு இரண்டு அடியாக இடத்தைப் பிரித்துக்கொண்டு, பசையைச் சிறிதாகத் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, நிறம் எழுந்ததும் நிறுத்தித் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். துணியில் படகின் நிறம் ஏறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது செத்த படை. கையால் செய்தால் ஒரு படகுக்கு இருவர் இரண்டு மூன்று நாள் உழைக்க வேண்டியிருக்கும். மின்சார மினுக்கும் இயந்திரம் கிடைத்தால் வேலை சுருங்கும். ஆனால் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நில்லாமல் ஓட்ட வேண்டும். நின்றால் சூட்டில் தோல் எரியும். விளிம்புகளிலும் மூலைகளிலும் தோல் மெல்லியது. அங்கே இயந்திரத்தை விட்டுக் கையையே நம்புங்கள். படகின் பதிவு இலக்கம் எழுதிய இடத்தையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். இலக்கம் அழிந்தால் கடற்படையிடமும் கடற்றொழில் திணைக்களத்திடமும் விளக்கம் சொல்வது நீங்கள்தான்.

பசைக்கு மசியாத அளவு தேய்வு ஆழமாக இருந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாள் பாவிக்கலாம். இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மையாகும். 1000இல் தொடங்கி 1500, 2000 என்று போய், பிறகு பசை. 800க்குக் கீழே போவதற்குத் தக்க காரணம் வேண்டும். ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் பள்ளம் விழாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த அரை மில்லிமீற்றரில் ஒரு பங்கு போகிறது என்பதை மறக்கக் கூடாது. ஒரு படகின் ஆயுளில் ஒரு தடவை, மிஞ்சினால் இரு தடவை செய்யக்கூடிய வேலை இது. உலர்வாக ஒருபோதும் தேய்க்க வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு.

நிறம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அடுத்த ஆண்டும் இதே வேலையைச் செய்வார்கள். மினுக்கிய தோல் திறந்த புண் போன்றது. அதற்கு மெழுகு பூச வேண்டும். படகுக்கும் வாகனத்துக்கும் விற்கும் நல்ல மெழுகுகளில் கர்னவ்பா என்ற மெழுகு கலந்திருக்கும். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வரண்ட நிலத்தில் வளரும், பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் ஓலையிலிருந்து அதை எடுக்கிறார்கள். வெயிலில் ஓலையின் ஈரம் போகாமல் காக்க அந்த மரம் தானே சுரப்பது அது. எமது பனைக்கு இறைவன் வேறு கொடைகள் கொடுத்தான் போலும்! மெழுகை மெல்லியதாகப் பூசி, மங்கியதும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். இரண்டு படை பூசுவது நல்லது. வெயில் இனி முதலில் மெழுகைத்தான் தின்னும். அது வேலியடைப்பு, பயிரல்ல. எமது வெயிலில் சில மாதங்களுக்கு மேல் நில்லாது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடும்வரை மெழுகு இருக்கிறது. பரந்து ஒட்டிக்கொண்டால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் பழைய இயந்திர எண்ணெயும் பூசுகிற வழக்கம் சில கரைகளில் உண்டு. ஒரு நாள் மினுக்கம் தரும். வெயிலைத் தடுக்காது. மணலையும் தூசியையும் பிடித்து வைத்திருக்கும். பின்னர் அந்த இடத்தில் ஒட்டுப் போடவோ பெயின்ற் பூசவோ முயன்றால் எதுவும் பிடிக்காது. சிலிக்கன் கலந்த மினுக்குத் திரவங்களிலும் இதே தொல்லை இருக்கிறது. ஆதலால் வெடிப்பு, கீறல்களை அடைத்து முடித்த பின்னரே மெழுகுக்குப் போக வேண்டும்.

வெடிப்பு அடைக்கும் விடயத்தில் எச்சரிக்கையாகச் சில சொல்ல வேண்டியுள்ளது. நட்சத்திரம்போலக் கிளைத்த வெடிப்பாயின் உள்ளே நாரும் அடிபட்டிருக்கலாம். அதைப் படகு கட்டுபவரிடம் காட்டுங்கள். சாதாரணக் கீறலாயின் அதை வாயகலமாகச் சற்றுத் தோண்டி, நன்றாகக் காயவிட்டு, அசிற்றோன் தொட்ட துணியால் துடைத்து, ஜெல்கோட்டில் ஹாட்னர் கலந்து நிரப்பலாம். நூறு கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம்வரை ஹாட்னர் கலப்பது வழக்கம். எமது வெப்பத்தில் குறைந்த அளவே போதும். தகரத்தில் எழுதிய அளவைப் பாருங்கள். சாதாரண ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுத்தபடியே நிற்கும். அது பழுதான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். நிரப்பியதும் ஒரு பொலித்தீன் தாளால் காற்றில்லாமல் மூடிவிட்டால் இறுகிவிடும். ஹாட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் தொடக் கூடாது. றெசினோடு வரும் கோபால்ற் திரவத்தையும் ஹாட்னரையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். ஒன்றை றெசினில் முற்றாகக் கலந்த பிறகே மற்றையது. அசிற்றோன் திறந்திருக்கும் இடத்தில் பீடியும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஒரே அறைக் கொட்டிலில் சமையலும் படுக்கையும் நடக்கிற குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்லவே வேண்டும்.

இத்தனை பொருட்களையும்விட மலிவான பாதுகாப்பு ஒன்று உண்டு. அது நிழல். நாலு கப்பும் ஒரு கிடுகுக் கூரையும் போட்டால், விலை கூடிய மெழுகு செய்யாத வேலையை அது செய்யும். தறப்பாள் உள்ளவர்கள் தறப்பாள் கட்டலாம். ஆனால் படகோடு ஒட்ட இறுக்கிப் போர்த்தால் உள்ளே புழுங்கி ஈரம் தங்கும். காற்றில் அடித்துத் தோலையும் உராயும். ஒரு முழம் உயர்த்திக் கட்டுங்கள். நிமிர்த்தி வைத்த படகில் மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போட்ட பிறகு வருந்துவதைவிட, வடிதுவாரத்தின் அடைப்பைக் கழற்றிச் சற்றுச் சாய்த்து வைப்பது எளிது. கரையேற்றும்போது மணலில் இழுக்காமல் பனங்குற்றி உருளைகளில் ஏற்றுங்கள். அடியில் போகும் தோலை எந்தப் பசையும் மீட்டுத் தராது.

இங்கு உதவி வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. படகு கொடுக்கிறீர்கள், இயந்திரம் கொடுக்கிறீர்கள், வலை கொடுக்கிறீர்கள். நன்றி. அந்தச் செலவில் மிகச் சிறிய பங்கை ஒதுக்கி, கரைக்கு ஒரு நிழற்கொட்டிலும், சங்கத்துக்கு ஒரு மினுக்கும் இயந்திரமும், ஒரு நாள் செய்முறைப் பயிற்சியும் ஏன் கொடுக்கக் கூடாது? பழைய படகு இரண்டைத் திருத்திக் காட்டுவதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது என்பதுதான் தடையாக இருக்கிறதோ என்று எமக்கு ஐயம். அவர்கள் கொடுக்காவிட்டாலும் சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நெல் மருந்து தெளிகருவியைப் பத்துக் குடும்பம் முறை வைத்துப் பாவிக்கிறோம் அல்லவா? மினுக்கும் இயந்திரத்தையும் அவ்வாறே வாங்கி, பொறுப்பான ஒரு வீட்டில் வைத்து, நாட்கூலிக்கு விடலாம். மின்சாரம் இல்லாத கரைகளுக்கு இரண்டு சாரத்துணியும் நாலு கைகளும் போதும்.

காலபோக அறுவடை முடிந்து சூடு அடித்து நெல் வீட்டுக்கு வந்த பின், மாசி, பங்குனி மாதங்களில் இந்த வேலைக்கு நாள் கிடைக்கும். காலைப் பனியைத் துடைத்துவிட்டுத் தொடங்கி, வெயில் ஏறுமுன் நிறுத்துங்கள். இரண்டாவது மெழுகுப் பூச்சை ஐப்பசி மழைக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.